குசினிக் குறிப்புகள் – 9: வாட்டிய பூசணியும் வேப்பம்பூ வடகமும்

போன கிழமை முருங்கைக்காயோடு நின்றோம். இந்தக் கிழமை பூசணி.

யாழ்ப்பாணத்து வீடுகளில் பூசணிக்கு நல்ல பெயர் குறைவு. விரத நாளில் பால்கறியாக வரும், சோற்றோடு சேர்ந்து குழையும், பிள்ளைகள் கோப்பையின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். "இனிக்குது, களியாக் கிடக்குது" என்பது குற்றச்சாட்டு. குற்றம் காயில் இல்லை, அதை அவிக்கும் தண்ணீரில்தான் என்பது என் கட்சி.

முதலில் பெயர் வழக்கைத் தீர்ப்போம். நம்மவருக்குப் பழைய பூசணி நீற்றுப்பூசணிதான். முற்றிய காயின் தோலில் திருநீறு பூசியதுபோல வெண்பொடி படிவதால் அந்தப் பெயர். மஞ்சள் சதைப் பூசணி அமெரிக்கக் கண்டத்துக் கொடி. 1492க்குப் பிறகு ஐரோப்பியரின் கப்பல்களால் உலகெங்கும் பரவியது. மிளகாயும் அந்த வழி வந்ததே. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் 1658இல் ஒல்லாந்தரிடம் கோட்டையை இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய குசினியும் பாணும் இன்றும் நம் வாயில் இருக்கின்றன. சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டோம். காய்க்கு மட்டும் நம் பழைய பெயரையே வைத்துவிட்டோம்.

இனி அடுப்புக்கு வருவோம். திறந்த சட்டியில் அவிக்கும்போது சூடு 100 பாகையைத் தாண்டாது. சதை குழையுமே தவிரச் சிவக்காது. தாச்சியில் எண்ணெய் விட்டு வாட்டினால் மேற்பரப்பின் நீர் முதலில் வற்றும். பிறகு சூடு 140 பாகையைக் கடக்கும்போது சதை சிவக்கத் தொடங்கும். வாசம் பிறப்பது அந்தச் சிவப்பில்தான்.

அரைக் கிலோ பூசணி எடுங்கள். சந்தையில் கீற்றாக வாங்கினால் செம்மஞ்சள் சதையும் நகம் இறங்காத தோலும் உள்ளதாகப் பாருங்கள். முழுக்காய் என்றால் காம்பு காய்ந்திருக்க வேண்டும். தோலைச் சீவவேண்டாம், துண்டு உடையாமல் பிடித்துவைப்பது அதுதான். விரல் மொத்தத்தில் வெட்டி, உப்பு, மஞ்சள், அரைத் தேக்கரண்டி கறித்தூள், இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் பிரட்டுங்கள். தாச்சியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்குங்கள். நெருக்கினால் ஆவி அடைபட்டு மறுபடியும் அவியல்தான். நடுத்தர நெருப்பில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். அகப்பையால் கிளறிக்கொண்டே நிற்காதீர்கள். கடைசியில் ஒரு சிட்டிகை பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் போட்டு, இறக்கியபின் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுங்கள்.

இந்த மெதுமைக்கும் இனிப்புக்கும் எதிரே ஒன்று வேண்டும். அதற்கு நம்மிடம் வேப்பம்பூ வடகம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்து உதிரும்போது மரத்தடியில் பாய் விரித்துப் பூவைச் சேர்த்துக் காயவைப்பார்கள். உழுந்தை ஊறவைத்து, தண்ணீரைக் குறைத்து இறுக்கமாக அரைத்து, செத்தல் மிளகாய், சின்னவெங்காயம், பெருஞ்சீரகம், உப்பு, பூ எல்லாம் குழைத்து, சின்னச் சின்னதாகத் தட்டிச் சுளகில் பரப்புவார்கள். மூன்று நான்கு நல்ல வெயில் கண்டால் கல்லாகிவிடும். போத்தலில் போட்டு மூடினால் மாரி வரைக்கும் நிற்கும். வெயில் முகம் காட்டாத கார்த்திகையில் அதை எடுத்துப் பொரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

வடகத்தின் கசப்பு பூசணியின் இனிப்பை அடக்கும். மொறுமொறுப்பு குழைவைத் தாங்கும். ஆனால் பொரித்த வடகம் ஆவி பட்டால் சில நிமிடங்களில் நமுத்துப்போகும். ஆகவே முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். சோறு போட்டு, பூசணி வைத்து, சாப்பிடக் குந்திய பிறகுதான் வடகத்தைக் கையால் நொறுக்கித் தூவவேண்டும்.

டொரன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் பட்டர்நட் என்று விற்கும் நீளப் பூசணியை வாங்கலாம். அதுவும் இதே குடும்பம்தான். 200 பாகை அவனில் தட்டில் பரப்பி அரை மணி நேரம் விட்டால் போதும். ஊரிலிருந்து வந்த பொதியில் வடகம் இருந்தால் வேறென்ன வேண்டும்?

இன்னொன்று, விதையைக் குப்பையில் கொட்டாதீர்கள். நாரைக் கழுவி, ஒரு வெயில் காயவைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்து வையுங்கள். வடகம் தீர்ந்த வீட்டில் பூசணிக்கு அதன் விதையே துணை.

(தொடரும்)