பாறை பிறக்கும் இடத்துக்கு ஒரு எட்டு

பாறை பிறப்பதை யாராவது பார்த்ததுண்டா? பார்த்திருக்கிறார்கள்! ஓரமாக நின்று எட்டிப் பார்க்கவில்லை. அதன் மேலேயே ஏறி நின்று, துளை போட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று 1960 முதல் 1988 வரை விட்டுவிட்டு மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். இடம், ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலையில் உள்ள ஒரு குழி: கிலாவேயா இக்கி.

அங்கே போவதற்கு முன்னால் கொஞ்சம் கீழே இறங்குவோம். கொஞ்சமில்லை, ரொம்பவே கீழே. பள்ளிப் புத்தகத்தில் பூமியின் உள்பக்கத்தைச் செக்கச்செவேலென்று தீட்டி வைத்ததால், அங்கே எங்கும் குழம்பு தளும்புவதாக நமக்கு ஒரு நினைப்பு. கிடையவே கிடையாது! மேலோட்டுக்கு அடியில் உள்ள கவசம் கெட்டிப் பாறை. திரவத்துக்குள் போகவே முடியாத எஸ் வகை நிலநடுக்க அலைகள் அதற்குள் ஜம்மென்று புகுந்து வருகின்றன. வேறு சாட்சி வேண்டாம். அத்தனை சூட்டிலும் அது உருகாமல் இருப்பது மேலிருந்து அமுக்கும் பாரத்தால்.

ஹவாய்க்கு அடியில் இந்தப் பாறை கெட்டியாகவே மெல்ல மேலே ஊர்கிறது. ஏற ஏறப் பாரம் குறைகிறது, உருகத் தொடங்கிவிடுகிறது. யாரும் கூடுதலாகச் சூடேற்றவில்லை, பாரம் இறங்கியது, அவ்வளவுதான்! (ஜப்பான், இந்தோனேசியாப் பக்கம் கதை வேறு. அங்கே கீழே புதையும் கடலடித் தட்டு கொண்டுபோகும் நீர், கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது.) உருகுவதும் ஒரு சிறு பங்குதான். சுற்றியுள்ள பாறையை விட லேசு என்பதால் அது மேல்நோக்கிக் கசிகிறது. அதுதான் மாக்மா.

1959 நவம்பர் 14 இரவு அது கிலாவேயா இக்கியில் வெளியே பாய்ந்தது. ஒரு கட்டத்தில் நெருப்பு ஊற்று 580 மீட்டர் உயரத்துக்கு எழும்பியது! அதைவிட வேடிக்கை, பாய்ச்சல் நிற்கும்போதெல்லாம் கக்கிய குழம்பு வந்த துவாரத்துக்குள்ளேயே திரும்பி வழிந்து இறங்கியது. டிசம்பர் 20-இல் எல்லாம் ஓய்ந்தபோது குழியில் எஞ்சியது நூறு மீட்டருக்கு மேல் ஆழமான லாவா ஏரி.

பாலில் ஆடை படிவதுபோல் மேற்பரப்பு இறுகியது. 1960-லேயே ஆய்வாளர்கள் அதன் மேல் துளைக்கருவியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்! காலுக்கடியில் சில மீட்டரில் ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பு. இவர்களோ நிதானமாகக் கணக்கெழுதுகிறார்கள். துளைக்கு விடும் தண்ணீர் பட்டதும் குழம்பு நொடியில் கண்ணாடியாக உறைந்துவிடும். எந்த ஆழத்தில் எந்தப் படிகம் எந்த அளவில் வளர்ந்திருந்ததோ, அப்படியே மாட்டிக்கொள்ளும். சில நேரம் பாதி படிகமும் பாதி திரவமுமான சகதி, துளைக்குள்ளேயே பிதுங்கி ஏறி வந்தது.

அந்தச் சகதியில்தான் எனக்குப் பிடித்த நாடகம். முதல் ஆள் பச்சை ஒலிவின். நிறைய ஒலிவின் ஆழத்திலேயே உருவாகி, குழம்போடு சவாரி செய்து வந்தது. கனமானது என்பதால் ஒரு பகுதி ஏரியின் அடிக்கு இறங்கியது. பிறகு பைராக்சீன், அடுத்து ஃபெல்ஸ்பார், கடைசியில் இரும்பும் டைட்டானியமும் கலந்த கருப்புக் கனிமங்கள். ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு ஒதுங்க, மீதித் திரவத்தின் குணமே மாறுகிறது: மக்னீசியம் குறைந்து, சிலிக்கா கூடுகிறது. அந்த மிச்சம் விரிசல்களில் புகுந்து இறுகினால், ஒரே ஏரியிலிருந்து வேறொரு பாறை!

மேல்தோல் சட்டென்று ஆறியதால் அதில் கண்ணாடி. உள்ளே மெதுவாக ஆறியதால் பெரிய மணிகள். இதே குழம்பு பூமிக்குள்ளேயே தங்கி நிதானமாக ஆறியிருந்தால் பசால்ட் என்ற இந்த எரிமலைப் பாறை ஆகாமல், பருமணிகள் கொண்ட காப்ரோ ஆகியிருக்கும்.

ஆறும்போது பாறை சுருங்குவதால் உண்டாகும் வெடிப்புகளை நிலநடுக்கமானிகள்கூடப் பதிவு செய்தன. 1970களின் நடுவில் கெட்டியான மேலோடு 40 மீட்டரைத் தாண்டியது. கடைசித் திரவம் தீர்ந்தது 1990களின் நடுவில்தான். இப்போது ஏரியின் குறுக்கே நடைபாதை போகிறது. ஷூ மாட்டிக்கொண்டு யாரும் நடக்கலாம். விரிசலிலிருந்து ஆவி வந்தால் பயம் வேண்டாம், உள்ளே இறங்கிய மழைநீர் இன்னும் ஆறாத பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.