வலி சொல்லி எடுக்கும் ஓய்வு

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவிட்டு வீடு திரும்புகிறவர்களில் பலர் கூடவே ஒரு பயத்தையும் கொண்டுவருகிறார்கள். ‘டிஸ்க் தேஞ்சுபோச்சாம்.’ அன்றிலிருந்து குனிவது நின்றுவிடுகிறது. குடத்தை வேறு யாராவது தூக்குகிறார்கள். பஸ் பயணம், கோயில் படி, பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகிறது.

வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தால் என்ன தெரியும்? அப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. முதுகுவலி இல்லாத 20 வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதினரில் 96 சதவீதம் பேருக்கு. தலை நரைப்பதைப் போல இதுவும் பெரும்பாலும் வயதோடு வருவது. ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போதே இதையும் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ பேர் நிம்மதியாகக் குனிந்து நிமிர்வார்கள்.

இதனால் வலி பொய் என்றாகிவிடாது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. காயம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருக்கலாம். முதுகுத்தண்டு வழியாக மேலே போகும் வலிச் செய்தியை, மூளையிலிருந்து கீழே வரும் செய்திகள் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்று 1965-இலேயே ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் எழுதினார்கள். பயமும் கவலையும் கவனமும் வலியைத் தொடுவது மூளையிலிருந்து இறங்கும் அந்தச் செய்திகளின் வழியாகத்தான். ஆகவே, ‘எல்லாம் உன் மனசுலதான் இருக்கு’ என்று நோயாளியிடம் சொல்வது கொடுமை மட்டுமல்ல, அறிவியலும் அல்ல.

நாள்பட்ட வலியோடு வாழ்வதைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்கவைத்தவர் அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் வில்பர்ட் ஃபோர்டைஸ். 1960-களில், வலி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், வலித்தால் என்ன செய்கிறீர்கள், அதற்கு அடுத்து என்ன நடக்கிறது என்றும் அவர் கவனித்தார். வலித்ததும் படுக்கிறோம். படுத்ததும் கொஞ்சம் இதமாகிறது. அந்த இதம், அடுத்த முறை இன்னும் சீக்கிரம் படுக்கக் கற்றுக்கொடுக்கிறது. மாத்திரையும் அப்படித்தான்: வலி ஏறினால்தான் மாத்திரை என்றால், மாத்திரைக்கான அனுமதி வலியின் கையில் இருக்கிறது.

ஃபோர்டைஸ் அந்தக் கணக்கை மாற்றினார். ஒருவரால் வலி தடுக்கும்வரை 10 நிமிடம் நடக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு முதல் இலக்கு அதற்கும் குறைவாக, 7 நிமிடமாக இருக்கும். அதை முடித்ததும் ஓய்வு; வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓய்வு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அளவு கூடும். மாத்திரையைக்கூட வலியைப் பார்க்காமல் மணியைப் பார்த்துக் கொடுத்தார்கள். அதை நிறமும் சுவையும் சேர்த்த திரவத்தில் கலந்து, நோயாளியின் சம்மதத்தோடு வீரியத்தைப் படிப்படியாகக் குறைத்தார்கள். நடந்து முடித்தவரை ஊழியர்கள் பாராட்டினார்கள். முனகலுக்குப் பெரிதாக எதிர்வினை காட்டவில்லை. இந்தக் கடைசிப் பகுதி எனக்கு உறுத்துகிறது. வலியைச் சொல்ல ஒரு காது வேண்டும். ஆனால், இலக்கை வலிக்குக் கீழே வைத்துத் தொடங்கிய யோசனை இன்றும் மறுவாழ்வுச் சிகிச்சைகளில் நிற்கிறது.

நம்மில் பலர் செய்வது இதற்கு நேரெதிர். வலி குறைந்த நாளில், தேங்கிக் கிடந்த துணியையெல்லாம் துவைத்து, பரணையும் ஒழித்து, மறுநாள் எழ முடியாமல் கிடக்கிறோம். ‘நேத்து வேலை செஞ்சதுதான் வினை’ என்ற முடிவு அங்கே உறுதியாகிறது. யோஹான் விளாயனும் ஸ்டீவன் லின்டனும் 2000-இல் விளக்கிய பயச் சுழற்சி இதுதான்: வலியை ஆபத்தாகப் பார்ப்பவர் அசைவைத் தவிர்க்கிறார், அசையாத தசை பலமிழக்கிறது, வெளியே போகாத மனம் சோர்கிறது, அடுத்த அசைவு இன்னும் வலிக்கிறது. காலில் பலம் குறைவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, காய்ச்சல், காரணமின்றி எடை குறைவது போன்ற அறிகுறிகள் இருந்தால் மட்டும் கதை வேறு. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பின்னால் வந்த லான்ஸ் மெக்ராக்கன் போன்றவர்கள் ‘ஏற்பு’ பற்றி ஆராய்ந்தார்கள். வலி போனால்தான் திருமணத்துக்குப் போவேன், தையல் மெஷினில் உட்காருவேன் என்று காத்திருக்காமல், வலி இருக்கும்போதே தனக்கு முக்கியமானதைச் செய்யத் தொடங்குவது அது. வலியோடு சண்டையிடுவதில் குறைந்த சக்தியைச் செலவழிப்பவர்களிடம் மனச்சோர்வும் முடக்கமும் குறைவாக இருப்பதைக் கண்டார்கள்.

இவை எதுவும் மந்திரம் அல்ல. நாள்பட்ட வலிக்கான உளவியல் சிகிச்சைகள் பற்றிய 75 ஆய்வுகளை, 9,000-க்கும் மேற்பட்டோரின் முடிவுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் அலசியது. அவற்றில் எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு வலி, முடக்கம், மன உளைச்சல் மூன்றிலும் பலன் உண்டு, ஆனால் சிறியது என்றது. பல வருட வலியில் தவிக்கிறவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது.

வீட்டைப் பற்றியும் பேசியாக வேண்டும். மணி பார்த்து ஓய்வெடு என்று சொல்வது எளிது. காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டும் பெண்ணுக்கு, முடியாமல் சாய்ந்தால்தான் வீட்டில் ஓய்வு கிடைக்கிறது. வலிக்காதபோது அவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால், ‘இப்ப நல்லாத்தானே இருக்கே?’ என்ற கேள்வி வருகிறது. ஃபோர்டைஸ் குடும்பத்தினரையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது இதனால்தான். இங்கேயும் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகும்போது கணவரோ மகனோ மருமகளோ கூடவே உள்ளே போய் உட்கார வேண்டும். எத்தனை நிமிட வேலைக்கு எத்தனை நிமிட ஓய்வு என்று எழுதி வாங்கிவந்து, அந்த ஓய்வு நேரத்தில் அடுப்படியை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிட வேண்டும்.