கழுவாத குவளை

குன்னூரில் 1963-ஆம் ஆண்டு முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. ஏலத்திற்கு முன் தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவோரின் பணி காணத்தக்கது. நீண்ட மேசையின் மீது வெண்பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தேயிலைக்கும் தனிக் குவளை, தனிக் கிண்ணம். 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலை, ஊறும் காலம் 6 நிமிடம் என்று உலகத் தரமுறை ஒன்றும் வகுக்கப்பட்டுள்ளது. சுவைஞர் தேநீரைக் கரண்டியால் உறிஞ்சி, நாவிற் பரப்பிப் பார்த்து, உடனே படிக்கத்தில் உமிழ்ந்துவிடுவார். இவ்வளவும் எதற்கு? முன்னதன் சுவை பின்னதில் ஏறலாகாது என்பதற்கே. எல்லாவற்றையும் கழுவாத ஒரே குவளையில் ஊறவைத்தால், எத்துணைக் கூரிய நாவும் ஏமாறும். வரிசையை மாற்றினால் தீர்ப்பும் மாறும்.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரிடமும் இத்தகைய மேசை ஒன்று உண்டு. நிரலின் ஒவ்வொரு பகுதியும் செவ்வனே இயங்குகின்றதா என்று தாமே ஆராயும் சிறு சோதனைகளை அவர்கள் எழுதி வைப்பர். ஏலக் கணக்கு எழுதும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதில் பேரேடு ஒன்றே ஒன்று. எல்லாப் பகுதிகளும் அதனையே எடுத்து எழுதும். இவ்வாறு ஒன்றே இருக்குமாறு அமைப்பதைச் ‘சிங்கிள்டன்’ என்பர். எரிக் காமா முதலிய நால்வர் 1994-இல் வெளியிட்ட நூல் இம்முறைக்குப் பெரும்புகழ் தந்தது. புகழுக்கு ஏற்ற தொல்லையும் உடன் வந்தது.

முதற் சோதனை 3 மூட்டை விற்றதாகப் பதிந்துவிட்டு, அதனை அழிக்காமற் செல்கின்றது. அடுத்த சோதனை 2 மூட்டையைப் பதிந்து, ‘மொத்தம் 2 தானே?’ என்று வினவுகின்றது. பேரேடோ 5 என்கின்றது. இச்சோதனையைத் தனியே இயக்கினால் தேறும். மற்றதன் பின் இயக்கினால் தோற்கும். கணக்கிடும் பகுதியில் பிழையில்லை, குவளைதான் கழுவப்படவில்லை. இரு சோதனைகளும் ஒரே நேரத்தில் இயங்குமாயின் குழப்பம் இன்னும் மிகும். காலையில் தேறியது மாலையில் தோற்கும்.

தன் சோதனைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 16 ஓரளவேனும் இவ்வாறு தடுமாறுவன என்று கூகிள் நிறுவனம் 2016-இல் தெரிவித்தது. அதற்குக் காரணங்கள் பல. பொதுப் பொருளைப் பலர் தொடுவது அவற்றுள் ஒன்று. தடுமாற்றம் பழகிவிட்டால், ‘மீண்டும் இயக்கினால் சரியாகிவிடும்’ என்று சோதனையின் சொல்லைப் புறக்கணிக்கத் தொடங்குவர். உண்மைப் பிழை அவ்வேளையில்தான் நுழையும். சிறு விவசாயி ஒருவரின் இலைக்குரிய தொகை குறைந்து போனாலும் எவரும் அறியார்.

ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் பேரேட்டை அழித்துவிடலாமே என்பீர்கள். செய்யலாம், ஆயினும் ஒருவர் மறந்தாலும் போதும். நிரற்பகுதி பொதுப் பேரேட்டைத் தானே தேடிச் செல்லாமல், கையிற் கொடுத்த பேரேட்டில் எழுதுமாறு அமைப்பதே மேல். அப்போது சோதனைதோறும் புதுப் பேரேடு கொடுக்கலாம். சோதனைகளின் வரிசையை வேண்டுமென்றே கலைத்து இயக்குவாரும் உளர். நேற்றுவரை தேறிய சோதனை அப்போது தோற்குமாயின், கழுவாத குவளையைத் தேடத் தொடங்குவர்.