செங்கல்லைவிட மெலிந்த காரை

காவிரிப் படுகையில் தோண்டினால் வண்டல்தான் வரும். கட்டடத்துக்கு ஆகும் கல் கிடைக்காது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருங்கல் முழுவதும் படுகைக்கு வெளியிலிருந்து வந்தது. ராஜராஜனுக்கு இருந்த வசதி இல்லாதவர்கள் வயல் களிமண்ணைச் செங்கல்லாக அறுத்துச் சுட்டார்கள். கடலோரத்துக் கிளிஞ்சலை அள்ளிவந்து சுண்ணாம்பாக்கினார்கள். டென்மார்க்காரர்கள் 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டத் தொடங்கியபோதும் கைக்கு எட்டியவை இவைதான். அங்கே 1701-இல் எழுந்த சீயோன் ஆலயமும், பாதிரியார் சீகன்பால்கு தமிழ்ச் சபைக்காகக் கட்டி 1718-இல் திறந்த புதிய எருசலேம் ஆலயமும் வடிவத்தில் ஐரோப்பியக் கட்டடங்கள். சுவரோ நம் கொத்தனார்களுக்குப் பழகிய செங்கல்லும் சுண்ணாம்பும்.

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். காளவாயில் கரியோடு அடுக்கி, சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால், 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் பட்டதும் அது கொதித்துப் பொங்கி நீறும். நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் மாடு கட்டிய செக்கில் சாந்தாக அரைத்துச் சுவரில் வைத்தால், இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். தஞ்சை சிவகங்கைப் பூங்காவில் 1779-இல் கட்டப்பட்ட சுவார்ட்ஸ் ஆலயம் இருக்கிறது. பாதிரியார் சுவார்ட்ஸின் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் அதில் வைத்த பளிங்குச் சிற்பம், லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் செதுக்கியது. வேதியியல் கணக்கில் அந்தப் பளிங்கும் கிளிஞ்சல் சுண்ணாம்பு இறுகிய காரையும் ஒரே பொருள்தான்.

பழைய காரை என்றாலே அதன் உறுதியை வியப்பது நம் வழக்கம். கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: பக்கத்துச் செங்கல்லைவிட அந்தக் காரை எவ்வளவு மெலிவாக இருந்தது?

தரங்கம்பாடி போன்ற கடலோர ஊரில் ஈரம் அடித்தளத்திலிருந்து உப்போடு சுவரில் ஏறுகிறது. 2004 ஆழிப்பேரலையின்போது கடலே ஊருக்குள் வந்தது. சாப்பாட்டு உப்பும் சுவரில் ஏறும் உப்பும் பெரும்பாலும் ஒன்றுதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை இழுத்துக் கரையும், அதற்குக் கீழே இறங்கினால் படிகமாகும். கடற்காற்றில் இது ஓயாமல் நடக்கும். ஒவ்வொரு முறையும் வளரும் படிகம் தான் இருக்கும் துளையை நெம்புகிறது. காரை நுண்துளைகள் நிறைந்து மெலிவாக இருந்தால் ஈரமும் உப்பும் அதன் வழியாக வெளியேறும், சேதமும் காரையோடு நிற்கும். உதிர்ந்த பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசலாம், சுவருக்குக் கேடில்லை. சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபட்டுவிடும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். வெளியே பூச்சு கெட்டியாகத் தெரியும். உள்ளே முந்நூறு வருஷத்துச் செங்கல் மாவாக உதிர்ந்துகொண்டிருக்கும். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் சிமெண்ட் பழுதுபார்ப்பு கடலைவிட வேகமாக ஒரு ஆலயத்தைக் கெடுத்துவிடும்.

அதனால்தான் கரண்டியை எடுக்கும் முன் காரையைச் சோதிக்க வேண்டியிருக்கிறது. கண்ணில் படாத ஓர் இடத்தில், இணைப்பின் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடிக்கும் குறைவாக எடுத்தால் போதும். மேலாக எடுத்தால் பிற்காலத்தில் அடைத்த சாந்துதான் கையில் வரும். அதில் ஒரு துண்டைப் பிசினில் ஊறவைத்து, 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்தால் மணல், செங்கல் தூள், வேகாத கிளிஞ்சல் எல்லாம் தனித்தனியே தெரியும். இன்னொரு துண்டைப் படிப்படியாகச் சூடாக்கி எடை குறைவதை அளக்கிறார்கள்: சுமார் 600 டிகிரிக்கு மேல் வெளியேறுவது கரியமில வாயு, அதற்குக் கீழே வெளியேறுவது பெரும்பாலும் நீர். நீரின் பங்கு கூடியிருந்தால், செங்கல் தூள் சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீரிலும் இறுகும் காரையாகியிருக்கலாம்.

மணலின் அளவு அறிய, காரையை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போடுவது பழைய முறை. சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் அடியில் தங்கும். டெல்டாவில் இதை அப்படியே நம்ப முடியாது. கடற்கரை மணலோடு கலந்த கிளிஞ்சல் துணுக்குகளும் அமிலத்தில் கரைந்துவிடுவதால், சுண்ணாம்பு உண்மையில் இருந்ததைவிட அதிகமாகத் தெரியும். அந்தக் கணக்கை நம்பிக் குழைத்தால் கலவை தவறிவிடும். நுண்ணோக்கிப் படம் பக்கத்தில் இருந்தால்தான் இது பிடிபடும்.

இதைவிடச் சிக்கலானது அரகோனைட். கால்சியம் கார்பனேட்டின் இன்னொரு படிக வடிவம் அது. எக்ஸ்ரே சிதறல் சோதனையில் தனியாகத் தெரியும். கிளிஞ்சல்களில் இயற்கையாகவே உண்டு. ஆனால் காளவாய்ச் சூட்டில் அது நிலைக்காது. ஆகவே காரையில் அரகோனைட் இருந்தால், சுடாத கிளிஞ்சல் மணலோடு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் காரை இறுகும்போது புதிதாக விளைந்திருக்க வேண்டும். கருப்பட்டி, கடுக்காய் போன்றவை சேர்ந்த காரையில் இப்படி விளையும் என்கின்றன ஆய்வுகள், வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய தாவரச் சேர்மானங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள்.

கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று ஊர்தோறும் சொல்லப்படும் கதைகளை நான் ஒதுக்க மாட்டேன், சோதிக்காமல் ஏற்கவும் மாட்டேன். சேர்த்த அளவே சொற்பம். நூற்றாண்டுகளில் நுண்ணுயிர்கள் அதையும் தின்றிருக்கும். எனவே அகச்சிவப்புச் சோதனையில் புரதமோ சர்க்கரையோ தெரியவில்லை என்பதை வைத்துக் கொத்தனார் அதைச் சேர்க்கவில்லை என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

தரங்கம்பாடிக்குப் பொருந்திய கலவையைத் தஞ்சாவூருக்கு அப்படியே கொண்டுபோகவும் முடியாது. கடல் தள்ளியிருக்கிறது, மணல் வேறு, உப்பின் தொல்லையும் வேறு. சோதனை முடிவை வைத்துப் புதுச் சாந்து அரைத்து, முதலில் சுவரின் ஒரு மூலையில் சிறு கட்டமாகப் பூசிப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பூசினால் பிடிக்காது. மழை விட்டபின், தை பிறந்ததும் தொடங்கலாம். நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் சட்டென்று போய்ப் பூச்சு வெடிக்கும். சில வாரம் கழித்து ஒரு விளிம்பை உடைத்துப் பினாப்தலீன் என்ற நிறங்காட்டியைத் தெளித்தால், காற்று இன்னும் எட்டாத பகுதி இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துபார்த்து, அடுத்த பூச்சுக்கு நாள் குறிக்கலாம்.