ஒயில் விளக்கும் ஒயில் பம்பும்: வாகன உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

வாடகைக்கு ஓடும் ஒரு காரையோ வானையோ நம்பி வாழும் குடும்பங்கள் எமது நாட்டில் ஏராளம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலைகூடப் பன்மடங்காக உயர்ந்தது. இறக்குமதி ஆரம்பமான பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் பலருக்கு எட்டாக்கனியாகவே உள்ளது. எனவே, கையிலுள்ள வாகனத்தின் எஞ்சினைப் பாதுகாப்பது வாழ்வாதாரத்தைப் பாதுகாப்பதற்கு ஒப்பானதாகும். அந்த எஞ்சினைச் சில நிமிடங்களில் அழித்துவிடக்கூடியது ஒயில் அழுத்தக் குறைபாடாகும்.

மனித உடலுக்கு இதயம் எவ்வாறோ, அவ்வாறே எஞ்சினுக்கு ஒயில் பம்ப். எஞ்சினின் அடியிலுள்ள சம்ப்பிலிருந்து, ஸ்ட்ரெய்னர் எனப்படும் வலைவடி ஊடாக ஒயிலை உறிஞ்சி, பில்டருக்கும் அங்கிருந்து கிராங்க் ஷாப்ட், கேம் ஷாப்ட் ஆகியவற்றின் பெயரிங்குகளுக்கும் அது செலுத்துகின்றது. சுழலும் தண்டும் பெயரிங்கும் ஒன்றையொன்று தொடாதிருப்பதற்கு அவற்றிடையே உள்ள மெல்லிய ஒயில் படலமே காரணம். அழுத்தம் அற்றுப்போனால் அப்படலம் மறைந்து, உலோகம் உலோகத்தோடு உராய்ந்து, பெயரிங் உருகி, எஞ்சின் இறுகிவிடும்.

இங்குதான் பலரும் தவறு செய்கின்றனர். டேஷ்போர்டில் ஒயில் குவளை வடிவில் எரியும் சிவப்பு விளக்கு, "ஒயில் சற்றுக் குறைந்துள்ளது, வீடு சென்று பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறுவதாக அவர்கள் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. சூடான எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுக்களில் இயங்கும்போது ஒயில் அழுத்தம் பொதுவாக 2 முதல் 5 பார் வரை இருக்கும். ஆனால், பெரும்பாலான ஜப்பானியக் கார்களில் அது ஏறத்தாழ 0.3 பாருக்கு இறங்கிய பின்னரே இவ்விளக்கு எரிகின்றது. அதாவது, விளக்கு எரியும்போது அழுத்தம் ஏறக்குறைய முற்றாக இல்லாமற் போயிருக்கும். ஆகவே, பாதுகாப்பான ஓரிடத்தில் உடனடியாக வாகனத்தை நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். கராஜுக்கு ஓட்டிச் செல்லாது, இழுத்துச் செல்வதே உகந்தது.

விளக்கு எரிந்தவுடன் பம்பைக் குறை கூறுவதும் தவறு. முதலில் டிப் ஸ்டிக்கில் ஒயில் மட்டத்தைப் பார்க்க வேண்டும். திருப்பங்களிலும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் விளக்கு மினுங்கினால், பெரும்பாலும் ஒயில் குறைவே காரணம். மட்டம் சரியாயின், அழுத்த உணரியைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சின் சூடான நிலையில் அளக்க வேண்டும். அழுத்தம் சரியாக இருந்தால், பழுதடைந்திருப்பது சிறு விலைக்குக் கிடைக்கும் உணரியோ அதன் வயரோ ஆகும். இச்சோதனையின்றிப் பம்பை மாற்றச் சொல்லும் கராஜில் வாகன உரிமையாளர் விளக்கம் கேட்கத் தயங்கக்கூடாது.

அழுத்தம் உண்மையிலேயே குறைவாயின், சம்ப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உரிய காலத்தில் ஒயில் மாற்றாத எஞ்சினில் படியும் கரிய சேறு ஸ்ட்ரெய்னரை அடைத்திருக்கலாம். சம்ப்பைப் பூட்டும்போது அளவுக்கு மீறிப் பூசப்பட்ட சிலிக்கோன் பசை உட்புறமாகப் பிதுங்கி, துண்டுகளாக உடைந்து வலையை மூடுவதும் உண்டு. சம்ப்பில் உலோகத் துகள்கள் மின்னுமாயின் தேய்ந்தவை பெயரிங்குகளே. அந்நிலையில் புதிய பம்ப் போட்டாலும் அழுத்தம் நிலைக்காது. தடித்த ஒயிலை ஊற்றி விளக்கை அணையச் செய்வது நோயை மறைப்பதேயன்றிக் குணமாக்குவதன்று.

பம்பை மாற்றுவது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். 5ஏ எஞ்சின் கொண்ட பழைய கொரோலாவில் அது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் அமைந்துள்ளது. எனவே பெல்ட், கிராங்க் ஷாப்ட்டின் முன் ஒயில் சீல் ஆகியவற்றையும் ஒருங்கே மாற்றிவிடுவது கூலியை மிச்சப்படுத்தும். 1என்இசட் எஞ்சின் கொண்ட விட்ஸ் போன்றவற்றில் டைமிங் செயின் மூடியிலேயே பம்ப் அடங்கியுள்ளதால் வேலை பெரிது. எதுவாயினும் ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்வதும், புதிய ஓ-ரிங், கேஸ்கட், பில்டர், ஒயில் இடுவதும் கட்டாயமாகும். பழைய ஓ-ரிங் வழியே காற்று புகுந்தால் புதிய பம்பும் ஒயிலை உறிஞ்சாது.

பொருத்துமுன் பம்பினுள் ஒயிலை நிரப்புவதும் இன்றியமையாதது. உலர்ந்த பம்ப் உறிஞ்சத் தாமதிக்கும் ஒவ்வொரு செக்கனும் பெயரிங்குகள் ஒயிலின்றிச் சுழலும். முதன்முறை ஸ்டார்ட் செய்து சில செக்கன்களில் விளக்கு அணையாவிடின் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். பின்னர் அழுத்தமானியால் மீண்டும் அளந்து உறுதிசெய்த பின்னரே வாகனத்தைப் பொறுப்பேற்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழைய பம்பாயின், பொருத்துமுன் அதன் உட்பல்லிடைவெளிகளை அளந்து, தயாரிப்பாளர் குறிப்பிடும் எல்லைக்குள் உள்ளனவா எனப் பார்ப்பது அவசியம்.

இவ்வளவு செலவுக்கும் இடம் வைக்காத வழி எளிமையானது. வாரம் ஒருமுறை ஒயில் மட்டத்தைப் பார்ப்பதும், கையேடு கூறும் தரத்திலான ஒயிலை உரிய கிலோமீற்றரில் மாற்றுவதும், பில்டரை ஒவ்வொரு முறையும் புதிதாக இடுவதுமே அதுவாகும். அதனையும் மீறிச் சிவப்பு விளக்கு எரியுமாயின், அந்த ஒரு பயணத்தைக் கைவிடுவதால் ஏற்படும் நட்டம் ஒரு நாள் வருமானம் மட்டுமே. கைவிடாது ஓட்டினால் இழப்பது முழு எஞ்சினையாகவும் இருக்கலாம்.