கசப்புக்கும் கணக்கு உண்டு!

அதிகாலை நேரம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் உள்ள பிள்ளைப்பாக்கம். சிப்காட் தொழிற்பூங்காவை நோக்கி கம்பெனி பஸ்கள் விரைகின்றன. ஒரு வீட்டில், நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா தூங்கப் போகிறார். அம்மா பஸ் பிடிக்கக் கிளம்புகிறார். அப்போது அடுப்படியில் இருந்து டம்ளருடன் வருகிறார் பாட்டி. அவ்வளவுதான்... கட்டிலுக்கு அடியில் புகுந்து கொள்கிறான் பேரன். டம்ளரில் இருப்பது நிலவேம்புக் குடிநீர்!

"கண்ணு, உடம்புக்கு நல்லதுடா. தினமும் ஒரு டம்ளர் குடிச்சிடு!" என்கிறார் பாட்டி.

என்ன குட்டீஸ், உங்கள் வீட்டிலும் இது நடந்ததுண்டா? சரி, பாட்டி சொல்வது போல தினமும் குடிக்கலாமா? வாருங்கள், பார்ப்போம்.

கனகாம்பரத்தின் சொந்தக்காரர்!

பெயரில் வேம்பு இருந்தாலும், நிலவேம்புக்கும் வேப்ப மரத்துக்கும் உறவு இல்லை. இது ஒரு சிறு செடி. தலையில் சூடும் கனகாம்பரம், இருமலுக்குக் கொடுக்கும் ஆடாதோடை எல்லாம் இதன் குடும்பம்தான்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டும் இல்லை. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று மொத்தம் ஒன்பது பொருட்கள். எல்லாம் சம அளவு. இந்தப் பொடியை தண்ணீரில் போட்டு, நான்கில் ஒரு பங்காக வற்றும் வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சுவதே முறை.

2012ல் தமிழகத்தில் டெங்கு பரவியபோது, அரசே இந்தக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. 2020ல் கொரோனா வந்தபோது, 15 பொருட்கள் சேர்ந்த கபசுரக் குடிநீர் தெருத்தெருவாக வழங்கப்பட்டது. ஆனால், காய்ச்சல் வந்தால் குடிநீரை மட்டும் குடித்துவிட்டு வீட்டில் படுத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். டெங்குவா, வேறு காய்ச்சலா என்பது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

உணவு வேறு, மருந்து வேறு

ரசத்தில் மிளகும் சீரகமும் போடுகிறோம். குழம்பில் மஞ்சள், பொங்கலில் இஞ்சி. இவை உணவோடு கொஞ்சமாகச் சேருபவை. தினமும் சாப்பிடலாம். கறிவேப்பிலையை ஒதுக்காமல் சாப்பிடும் பழக்கத்தை இன்றே தொடங்கலாம்!

மருந்து அப்படி அல்ல. அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, முடியும் நாளும் உண்டு. சித்த மருத்துவத்தில் 'ஒரு மண்டலம்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 48 நாள் என்பது பொதுவான கணக்கு. மருந்தைத் தொடங்கும்போதே, நிறுத்தும் நாளையும் நம் முன்னோர்கள் எண்ணி வைத்தார்கள்!

அளவு மீறினால் என்ன ஆகும்? இனிப்பாக இருக்கும் அதிமதுரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். அதை அதிகமாக, பல நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் பொட்டாசியம் சத்து குறையும். ரத்த அழுத்தம் ஏறும். இனிப்புக்கே இப்படி என்றால், கசப்புக்கும் கணக்கு வேண்டாமா?

நோபல் பரிசு தந்த மூலிகை

சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி, மலேரியாவுக்கு மருந்து தேடினார். ஒரு மூலிகை சில சமயம் வேலை செய்தது, சில சமயம் செய்யவில்லை. குழம்பிப் போனார். சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய மருத்துவ நூல் ஒன்றைப் புரட்டினார். அதில், மூலிகையைக் காய்ச்சச் சொல்லவில்லை. தண்ணீரில் ஊற வைத்து, சாறு பிழியச் சொல்லியிருந்தது. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று புரிந்து கொண்டார். குறைந்த சூட்டில் சாறு எடுத்து, 1971ல் வெற்றி கண்டார். 2015ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூலிகை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. செய்முறையும் சரியாக இருக்க வேண்டும் என்பது தெரிகிறதா?

மறக்காமல் இருக்க...

டாக்டர் சில நாட்களுக்கு மூலிகை மருந்து கொடுத்திருக்கிறாரா? இப்படிச் செய்யுங்கள்:

* அப்பா, அம்மாவின் ஷிப்ட் வாராவாரம் மாறலாம். நீங்கள் பல் துலக்குவது மாறாது. வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்ன மருந்து என்றால், பல் துலக்கியதும் குடித்துவிடுங்கள்.

* காலண்டரில் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் வட்டம் போடுங்கள். குடித்ததும் ஒரு 'டிக்'!

* டம்ளர் கணக்கு வேண்டாம். மில்லி குறித்த மூடியால் அளந்து குடியுங்கள்.

* நேற்று மறந்துவிட்டதா? இன்று இரண்டு மடங்காகக் குடிக்காதீர்கள்.

* வேறு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* ஏரிக்கரையில் பார்த்த செடியை நீங்களாகப் பறித்து வாயில் போடாதீர்கள். ஒன்று போலவே இருக்கும் செடிகள் நிறைய உண்டு.

யாரிடம் கேட்பது? தாம்பரம் சானடோரியத்தில், 2005ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பல அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு உண்டு.

சரி, கட்டிலுக்கு அடியில் ஒளிந்த நம் பையன் என்ன ஆனான்? மெல்லத் தலையை நீட்டி, "பாட்டி, எத்தனை மில்லி? எத்தனை நாள்?" என்று கேட்டான். பாட்டி யோசித்தார். "அது எனக்கும் தெரியலையேடா! வா, சித்தா டாக்டரையே கேட்டுட்டு வரலாம்" என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

நீங்களும் கேட்பீர்கள்தானே குட்டீஸ்?