கூப்பிடு தூரமும் லேசர் தூரமும்

அளந்த கதை – 17

புதுக்கோட்டை மாவட்டத்து அரிமளத்தில் வழி கேட்டால் இன்றைக்கும் தூரத்தைக் குரலால்தான் சொல்கிறார்கள். “அந்தா, கூப்பிடு தூரந்தான்.” நம்பி நடந்தால் அரைமணி ஆகிறது. சென்ற வாரம் பார்த்த லாம்டன், 1802-இல் பரங்கிமலையில் சங்கிலி போட்டு 12 கிலோமீட்டரை 57 நாள் அளந்தவர், இந்தப் பதிலைக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ!

அவ்வூர்க் கண்மாய்க் கரையில் நின்றபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த நண்பரின் கோல்ஃப் ரேஞ்ச்ஃபைண்டர் என் கையில் இருந்தது. லேசரால் தூரம் அளக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி. கலிங்கைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன்: 312. தைலமரங்களுக்கு அப்பால் தெரிந்த ஐயனார் குதிரையைப் பார்த்து அழுத்தினேன்: 94. குதிரை அத்தனை கிட்டத்தில் இல்லை.

கருவி பொய் சொல்லவில்லை. லேசர் போய் மோதித் திரும்பும் நேரத்தைத்தான் அது அளக்கிறது. ஆயிரம் மீட்டர் போய்வர ஒளிக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஏழு பங்குகூட ஆகாது. என் லேசர் மோதியது தைல இலையில். கோல்ஃப் கருவி முதலில் திரும்பும் ஒளியை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கொடிக்கம்பு போதும், பின்னால் இருக்கும் மரம் வேண்டாம். வேட்டைக்கென்று செய்தவை நேர்மாறு. முன்னால் ஆடும் கிளையை விட்டுவிட்டுக் கடைசியாகத் திரும்புவதை எடுக்கும். அந்த 312-ம் கெஜம், மீட்டரில் 285. இந்தக் குழப்பம் ஒன்றே போதும், குறி தப்ப.

விலை ஏற ஏற என்ன மாறுகிறது? பெட்டியில் 2000 என்று போட்டிருப்பார்கள். அது பளபளக்கும் பலகைக்கு. மான் தோலுக்குப் பாதி கிடைத்தாலே அதிகம். நான் பார்க்கச் சொல்வது கதிர் எவ்வளவு விரிகிறது என்பதை. ஒரு மில்லிரேடியன் விரிந்தால் ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர் அகலம். அதற்குள் விலங்கும் புதரும் சேர்ந்தே விழும். மலிவானவற்றில் 905 நானோமீட்டர் லேசர். ராணுவக் கருவிகள் பலவற்றில் கண்ணுக்குக் கேடு குறைந்த 1550. லைக்கா 1992-இல் ஜியோவிட் என்ற பெயரில் தூரம் அளக்கும் லேசரை இரட்டைக்கண் பைனாகுலருக்குள் வைத்தது. கை நடுக்கம் அதில் குறைவு. கறுப்பு எண் காட்டும் திரை அந்தி நேரத்தில் பயன்படாது, சிவப்பாக ஒளிரும் எண்தான் வேண்டும். இவ்வளவு இருந்தும் சித்திரை வெயிலில் கானல் எழுந்தால் எல்லாக் கண்ணாடியும் ஒன்றுதான்.

இத்தனை நுணுக்கம் எதற்கென்றால், 7.62 மில்லிமீட்டர் ரைஃபிள் குண்டு ஆயிரம் மீட்டர் போவதற்குள் பத்து மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடும். தூரக் கணக்கில் ஐம்பது மீட்டர் பிசகினால் குண்டு ஒரு மீட்டருக்கு மேல் விலகும்.

நம் ஊரில் இதற்கு வேலை குறைவு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வேட்டைக்குத் தடை. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக்கூட, காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம் என்று 2025 தொடக்கத்தில் தமிழக அரசு சொன்னது. பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குப் போன புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் சுடுவதோ பறக்கும் களிமண் தட்டு. அதைத் தூரம் பார்த்து முடிப்பதற்குள் அது விழுந்துவிடும்.

ஆனால், எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தக் கருவி சொல்லாத ஒரு தூரம் உண்டு. இலக்கு வரைக்கும்தான் அதன் கணக்கு. இலக்கு தவறிய குண்டு அதற்குப் பிறகும் போகும். ராணுவ ரைஃபிள் குண்டு இரண்டரை கிலோமீட்டருக்கு மேலும் போகக்கூடியது. அந்த வழியில் மலை இருக்கிறதா, மண்மேடு இருக்கிறதா, வீடு இருக்கிறதா என்பதை மனிதன்தான் பார்க்க வேண்டும்.

2021 டிசம்பர் 30 அன்று, இதே மாவட்டத்தில் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வெகுதூரத்தில், தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூரில் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான்.

(இன்னும் அளப்போம்)